குனோங் ராபாட் கடைக்கு ஓர் அகப்பக்கம்: முதல் கேள்வி ‘யார் பெயரில்?’

குனோங் ராபாட் - வார இறுதியானால் ஈப்போவின் இந்தப் பகுதிக்கு வெளியூர் வண்டிகள் வருவது புதிதல்ல. சாம் போ தோங், கெக் லோக் தோங் குகைக் கோயில்களைப் பார்க்க வருகிறார்கள். திரும்பும் வழியில் பொமெலோ பழமும், ஹியோங் பியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். தேங்காய் மட்டை நெருப்பில் சுட்டெடுக்கும் அந்த பிஸ்கட்டுக்கு குனோங் ராபாட் பேர்போன இடம். முதன்முறை வருபவர் யாரிடமும் இறங்கி வழி கேட்பதில்லை. கைப்பேசியில் தேடுகிறார்; எது திறந்திருக்கிறது, எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்; அங்கே போகிறார்.

இதே வட்டாரத்தில் தையல், பூமாலை, கல்யாணச் சமையல், மசாலைத்தூள், வாகனப் பழுதுபார்ப்பு என்று நம்மவர்களும் தொழில் செய்கிறார்கள். அவர்களில் பலரின் கடைப் பெயரைத் தேடினால் ஒரு முகநூல் பக்கம் கிடைக்கும். அதில் கடைசிப் பதிவு மூன்று தீபாவளிக்கு முந்தைய வாழ்த்தாக இருக்கும். சிலருடைய கடை, தேடலில் தட்டுப்படுவதே இல்லை.

தோட்டத்தில் கடை வைத்திருந்தவருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. எந்த லயத்தில் யார், யாருக்கு எப்போது சம்பளம், யார் வீட்டில் காது குத்து என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய் செம்பனையும் வீடமைப்பும் வந்தபின் அந்தக் குடும்பங்கள் பட்டணங்களுக்கு நகர்ந்தன. பிள்ளைகள் இப்போது கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அம்மா வாங்கிய அதே முறுக்கை அவர்களும் வாங்கத் தயார்தான். எங்கே, எப்படி வாங்குவது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. புந்தோங்கின் கச்சாங் பூத்தே வியாபாரத்தைப் பாருங்கள். தள்ளுவண்டியில் தொடங்கிய தமிழர் தொழில் அது. இன்று ஈப்போவுக்கு வரும் எந்த இனத்தவரும் தேடிப் போய் வாங்குகிறார்கள். பேர் வாங்கிய பண்டத்துக்கே தேடிவருபவரின் கைப்பேசியில் இடம் தேவைப்படுகிறது என்றால், இன்னும் பேர் வாங்காத பண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

‘முகநூல் இருக்கிறது, டிக்டாக் இருக்கிறது, பிறகு எதற்கு அகப்பக்கம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. முகநூலில் கடை வைப்பது வாடகை இல்லாத ஐந்தடியில் மேசை போடுவது போன்றது. கூட்டம் இருக்கும், செலவு இல்லை. ஆனால் அந்த இடம் நம்முடையதல்ல. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. மலேசியாவில் அது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரம் என்பதால் பலர் தூங்கி எழுந்தபோது எல்லாம் சரியாகியிருந்தது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. சரியாக ஒரு மாதம் கழித்து, பலகார ஆர்டர் குவியும் ஒரு பகல் வேளையில் அதே முடக்கம் வந்திருந்தால், வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்த கடையின் கதி என்ன?

ஆறு மணி நேர முடக்கமாவது முடிந்துவிட்டது. இந்தியா 2020 ஜூன் 29-இல் டிக்டாக்கைத் தடை செய்தது. அது பிறகு திறக்கப்படவில்லை. பக்கத்து நாடான இந்தோனேசியாவில், சமூக ஊடகத்துக்குள்ளேயே விற்பனை நடப்பதற்கு அரசு தடை விதித்ததால், 2023 அக்டோபர் 4-இல் டிக்டாக் கடைகள் மூடப்பட்டன. டிசம்பரில் உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மீண்டும் வந்தன என்றாலும், இடைப்பட்ட இரண்டு மாதம் சிறு வியாபாரிகளுக்குச் சிறிய காலமல்ல. முகநூலை விட்டுவிடுங்கள் என்பது இதன் பொருளல்ல. அங்கே ஆளைப் பிடியுங்கள். கடையை உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அகப்பக்கம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஓர் அகப்பக்கத்தில் மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, டொமேன் எனப்படும் இணையப் பெயர். அது கடையின் பெயர்ப்பலகை மாதிரி. இரண்டு, பக்கத்தின் கோப்புகள் தங்கியிருக்கும் ஹோஸ்டிங் இடம். அது கடை வீடு. மூன்று, படங்களும் எழுத்தும் வடிவமும். அவை கடைச் சரக்கு. செய்து கொடுப்பவர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே விலை சொல்வார். வியாபாரியும் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். பெயர் பதிவானது செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் என்றால், சட்டப்படி கையில் சாவி வைத்திருப்பவர் அவர்தான். அவர் வேலையை மாற்றிக்கொண்டாலோ, தொலைபேசியை எடுக்காமல் போனாலோ, ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்தாலோ பெயர் காலாவதியாகும். வண்டியிலும் விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்த அந்தப் பெயரை நாளை வேறொருவர் பதிந்துகொள்ளலாம்.

அதனால் முதல் ரிங்கிட்டைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: டொமேன் என் பெயரில், என் மின்னஞ்சலில் பதிவாகுமா? கடவுச்சொல் என்னிடம் இருக்குமா? நேர்மையாகத் தொழில் செய்பவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். நம் நாட்டின் ‘டாட் மை’ பெயர்களை நிர்வகிப்பது மைநிக் நிறுவனம். அதில் ‘டாட் காம் டாட் மை’ என்று முடியும் பெயரைப் பெற, தொழில் பதிவு இருக்க வேண்டும். எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வர்த்தகப் பெயரில் பதிய 60 ரிங்கிட். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் இதில் கூடுதல் சுமை ஒன்றும் இல்லை. பதிவு பெற்ற தொழில் என்று வாங்குபவருக்குச் சொல்லாமல் சொல்லும் பெயர் அது. ஏமாற்று மிகுந்த இந்தக் காலத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

பெயரைத் தேர்வதிலும் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்திலேயே நாட்டுப் பெயரோடு முடியும் இணைய முகவரிகள் உண்டு. மலேசியாவுக்கு ரோமன் எழுத்தை விட்டால் ஜாவியில்தான் இருக்கிறது. ஆகவே தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். அடையாள அட்டையில் ‘லெச்சுமி’ என்று இருக்கும்; தேடுபவர் ‘லக்ஷ்மி’ என்று தட்டுவார். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதக்கூடிய பெயராக இருக்க வேண்டும். குலதெய்வத்தின் முழுப் பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்து முப்பது எழுத்து வந்தால், பக்தி நிறையும், ஆர்டர் வராது.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். 1972-ஆம் ஆண்டு மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘குனோங்’ என்று எழுதியதை இப்போது ‘குனுங்’ என்று எழுதுகிறார்கள். பழைய எழுத்துமுறை பெயர்ப்பலகைகளில் இன்னும் இருக்கிறது. தேடுபவர் இரண்டில் எதையும் தட்டலாம். சாலைப் பெயரும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அது இன்னும் கோப்பெங் ரோடு. வரைபடத்தில் ஜாலான் ராஜா டாக்டர் நஸ்ரின் ஷா. முகவரிப் பகுதியில் இரண்டு வழக்கையும் ஒரு வரியில் இயல்பாகச் சேர்த்துவிட்டு, சாம் போ தோங்கிலிருந்து எந்தத் திருப்பம், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் எழுதினால், பினாங்கிலிருந்து வருபவர் நேரே கடை வாசலில் வந்து இறங்குவார்.

பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படவேண்டியவை கொஞ்சம்தான்: என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்போது திறந்திருக்கும், விலை என்ன, யாரைக் கூப்பிடுவது. இந்த ஐந்துக்கும் விரலை நகர்த்தாமலே, அல்லது ஒருமுறை நகர்த்தியவுடன் பதில் கிடைக்க வேண்டும். நம்மவர் அகப்பக்கங்கள் சிலவற்றில் முதலில் வருவது சுழலும் விளக்கு, பிறகு பாட்டு, அதன்பின் ‘எங்கள் நிறுவனம் தோன்றிய வரலாறு’. வரலாறு முக்கியம்தான். பசியோடு சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுக்க வந்தவருக்கு அது அப்போதைக்கு வேண்டாம். தனிப் பக்கத்தில் இருக்கட்டும். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். எண்ணைப் படத்துக்குள் வைத்தால், பார்ப்பவர் காகிதத்தில் எழுதிக்கொண்டு தட்ட வேண்டியிருக்கும். யார் எழுதுவார்கள்?

இந்தப் பட விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்க் கடைகளின் விலைப்பட்டியல், உணவுப் பட்டியல், விழாக்கால அறிவிப்பு எல்லாமே பெரும்பாலும் சுவரொட்டியாக வடிவமைக்கப்பட்டு ஒரே படமாக ஏற்றப்படுகின்றன. பார்க்க வண்ணமாக இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படித்துக்கொள்வதில்லை. சிறிய திரையில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். பார்வைக் குறைபாடு உள்ளவரின் கைப்பேசியால் அதைப் படித்துச் சொல்ல முடியாது. விலை மாறினால் வடிவமைத்தவரைத் தேடி ஓட வேண்டும். யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. கணினியில் தமிழை ஓடவைத்த முன்னோடிகளில் ஒருவரான முரசு அஞ்சல் முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். 2001-இல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தியது கோலாலம்பூர். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு கடையின் முறுக்கு விலையைப் படத்துக்குள் பூட்டி வைப்பது கொஞ்சம் வருத்தமான விஷயம். ‘முள்ளு முறுக்கு, ஒரு கிலோ’ என்று எழுத்தாகவே தட்டுங்கள். சிங்கப்பூரில் ஒருவர் அதே சொல்லைத் தேடும்போது உங்கள் பக்கம் எழும்ப வாய்ப்பு உண்டு.

தமிழ் மட்டும் போதுமா? குனோங் ராபாட்டில் போதாது. வாங்குபவரில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சுருக்கமாக, தமிழில் நிறைவாக என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் ‘அதிரசம்’ என்ன ஆகும் என்பதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் அவை வெளியே வழியும். வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இதை வியாபாரிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விலைக்கு வருவோம். ‘பிஎம் தெப்பி’, அதாவது ‘விலை வேண்டுமா, தனியாகக் கேளுங்கள்’ என்பது முகநூலில் பழகிப்போன வழக்கம். இது வாங்குபவருக்கு எரிச்சல் தருவதோடு சட்டத்துக்கும் புறம்பானது என்று உள்நாட்டு வாணிப அமைச்சு எச்சரித்திருக்கிறது. இணையம் வழி விற்பவர் என்னென்ன வெளியிட வேண்டும் என்பதை, 2013 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த மின்வர்த்தகப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் பட்டியலிட்டன. உரிமையாளர் அல்லது நிறுவனத்தின் பெயர், பதிவு எண், மின்னஞ்சலோடு தொலைபேசி எண் அல்லது முகவரி, பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவும் வரியும் சேர்த்த முழு விலை, பணம் கட்டும் முறை, விற்பனை நிபந்தனைகள், பொருள் வந்து சேர எவ்வளவு நாள் ஆகும் என்பவை அவை. ஆர்டரை உறுதி செய்யுமுன் வாங்குபவர் பிழை திருத்த வழி இருக்க வேண்டும். ஆர்டர் கிடைத்தது என்று தாமதமின்றித் தெரிவிக்கவும் வேண்டும். 2024 டிசம்பரில் இவற்றின் இடத்துக்குப் புதிய விதிமுறைகள் வந்தன. வாங்குபவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்ற அடிப்படை மாறவில்லை. நல்ல அகப்பக்கத்துக்கு என்ன வேண்டும் என்று தனியாக ஆலோசகரைத் தேட வேண்டாம்; பாதி விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை வாங்கிச் சேர்த்து வைக்கும் தொழில்களை, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்படுத்தும். அந்த விவரங்களை எதற்காக வாங்குகிறீர்கள் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும்.

உணவு, மூலிகைத் தொழில் செய்பவர்கள் இன்னும் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். எங்கோ கிடைத்த ஹலால் சின்னத்தை எடுத்துப் பக்கத்தில் ஒட்டக்கூடாது. ஜாக்கிமோ மாநில இஸ்லாமிய சமய அமைப்போ தந்த சான்றிதழ் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம். ‘சைவம்’ என்று எழுதுங்கள், மூலப்பொருள்களை எழுதுங்கள், அது வேறு. மற்றொன்று, தைலம், கஷாயப்பொடி விற்பவர்களுக்கு. ‘நீரிழிவைக் குணமாக்கும்’, ‘புற்றுநோய்க்கு மருந்து’ என்றெல்லாம் விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. பாட்டி வைத்தியம் என்று சொன்னாலும் சட்டம் விலகிக்கொள்ளாது.

வாங்குபவர் பக்கமிருந்தும் ஒருமுறை பாருங்கள். பலகாரத்துக்கு முன்பணம் கட்டி ஏமாந்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உலவுகின்றன. முன்பின் தெரியாத கடைக்குப் பணம் அனுப்புமுன் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மூல்’ தளத்தில் தட்டிப் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். பணம் போய்விட்டால் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்டவர், கடைப் பெயர் ஒன்றாகவும் கணக்கு மச்சான் பெயரிலும் இருந்தால் பின்வாங்குவார். கடையின் பெயரிலேயே கணக்கும் டூயிட்நவ் கியூஆர் குறியீடும் இருந்தால் கை தயங்காது. முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டும் பக்கமும் ஆளைத் துரத்தும். குறியாக்கம் இல்லாத பக்கங்களுக்கு எல்லாம் கூகல் குரோம் 2018 ஜூலை முதல் இந்த எச்சரிக்கையைக் காட்டுகிறது. இதைச் சரிசெய்யும் சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. இதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

இணையத்தில் இரவல் வாங்கிய படங்களும் நம்பிக்கையைக் கெடுக்கும். வெள்ளைத் தட்டில் பளபளக்கும் யாரோ ஒருவருடைய லட்டைவிட, உங்கள் வீட்டு எவர்சில்வர் தாம்பாளத்தில் இருக்கும் உங்கள் லட்டு மேல். பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரம் வைத்துக் கைப்பேசியிலேயே எடுக்கலாம். ஏற்றுவதற்கு முன் படத்தின் அளவைச் சுருக்குவதை மட்டும் மறக்கக்கூடாது. பக்கம் திறக்க 3 வினாடிக்கு மேல் எடுத்தால் கைப்பேசி வழி வருவோரில் 53 விழுக்காட்டினர் விலகிவிடுவதாக கூகல் 2016-இல் வெளியிட்ட கணக்கு சொன்னது. தோட்டப்புறத்தில் இணையத் தொடர்பு இரண்டு கோட்டோடு நிற்கும் இடங்களில் கனமான படம் இன்னும் தாமதமாகும்.

எல்லாருக்கும் அகப்பக்கம் வேண்டுமா என்றால், வேண்டாம். காலையில் பத்து மாலை கட்டி, பதினொரு மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும் பூக்கடைக்கு கூகல் வரைபடத்தில் கடையைப் பதிந்து, நேரத்தையும் எண்ணையும் சரியாக வைத்தால் போதும். அதற்குக் கட்டணம் இல்லை. கல்யாண மேடை அலங்காரம், சமையல் குத்தகை, வெளியூருக்குப் பலகாரம் அனுப்புவது என்று முன்கூட்டியே ஆர்டர் எடுக்கும் தொழிலுக்கு அகப்பக்கம் காசைத் திருப்பித் தரும். அவர்களுக்கும் தொடக்கத்தில் மூன்று நான்கு பக்கம் தாராளம். இணையத்திலேயே பணம் வாங்கும் கூடை வசதி, ஆர்டர் கூடிய பிறகு வரட்டும்.

பலகாரக் கடைக்கு ஒரு வரி மட்டும் கட்டாயம்: தீபாவளி ஆர்டர் எந்தத் தேதியோடு முடிகிறது, கூரியர் கடைசியாக எப்போது புறப்படும். அந்த வரியைத் தீபாவளி முடிந்த மறுநாள் எடுத்துவிட வேண்டும். பிப்ரவரியில் வருபவர் அதைப் பார்த்தால் கடை மூடிவிட்டது என்றே நினைப்பார்.

வேலை முடிந்துவிட்டது என்று செய்து கொடுத்தவர் சொன்னதும், உங்கள் தொழிலைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள். சித்தியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தம்பியாக இருக்கலாம். ‘இரண்டு கிலோ முறுக்கு சுங்கை சிப்புட்டுக்கு அனுப்ப மொத்தம் எவ்வளவு ஆகும், பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த இடத்தில் விரலை நிறுத்தி யோசிக்கிறார், எந்த இடத்தில் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் வடிவமைத்தவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டலாம். டொமேன் கடவுச்சொல்லையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.